பூத்துக்குளியை வெட்டி ஜாக்கெட் தைக்கலாமா?

மந்துக்காரி எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தோடர் இனத்துப் பெண். ஊட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போய், அப்புறம் கொஞ்சம் நடந்தால் எங்கள் மந்து, அதாவது எங்கள் குடியிருப்பு. கோயம்புத்தூரில் ஃபேஷன் டிசைனிங் படித்தேன். ஒன்றரை வருடம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருந்தேன். அது போதும் என்று தோன்றியது, ஊருக்கே வந்துவிட்டேன். இப்போது வீட்டில் ஒரு மெஷின் போட்டுச் சொந்தமாகத் தைக்கிறேன். பாட்டி, அம்மா, இரண்டு அத்தைகள் எல்லோரும் பூ வேலை செய்பவர்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடுவது எங்கள் பூ வேலை. துணியில் கோடு போடுவதில்லை, அச்சு வைப்பதில்லை. இழையை எண்ணி எண்ணி ஊசியை விட வேண்டியதுதான். அம்மா டிவி பார்த்துக்கொண்டே எண்ணுவார். நடுவில் ஏதாவது கேட்டால் பதில் வராது, உதடு மட்டும் அசையும். அந்த வரிசை முடிந்த பிறகுதான் "என்ன கேட்டாய்?" என்பார். இப்படிப் பூப்போட்டுப் போர்த்திக்கொள்ளும் சால்வைதான் பூத்துக்குளி. ஆணும் போர்த்துவார்கள், பெண்ணும் போர்த்துவார்கள். இறந்தவர்களுக்கும் அதுதான் போர்வை.

போன மாதம் அம்மாவிடம் கெஞ்சிப் பழைய பூத்துக்குளி ஒன்றை வாங்கி, குட்டை ஜாக்கெட் ஒன்று வெட்டினேன். கைக்குழி வளைவில் கத்தரி வைத்ததுமே, அறுபட்ட இடத்திலிருந்து சிவப்பு நூல் ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பித்தது. ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் அடிப்பதற்குள் இரண்டு விரற்கடைக்குப் பூ போய்விட்டது. தோள் தையலில் முன்பக்க எருமைக் கொம்புப் பூவும் பின்பக்கக் கொம்பும் ஒன்றோடொன்று சேரவில்லை. உடம்பு வடிவத்துக்காக டார்ட் மடிப்புப் பிடித்த இடத்தில் பூ மடங்கிக் கட்டி வந்த மாதிரி நின்றது. பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கீழே விழுந்த வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்களுக்கு, நூல் முரடாகத் துருத்திக்கொண்டு நிற்கும் அடிப்பக்கம்தான் துணியின் முகம். போர்த்தும்போது அதுதான் வெளியே தெரிய வேண்டும். கடைகளில் வழவழப்பான பக்கத்தை மேலே வைத்துத்தான் விற்கிறார்கள். கல்லூரியில் கடைசி வருட வேலையை எங்கள் வழக்கப்படி தைத்துக் கொடுத்தேன். "துணியைத் திருப்பிப் போட்டிருக்கிறாய்" என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று இன்னமும் எரிச்சல் வருகிறது.

இதற்கிடையில் ஒரு துணிக்கடையில் எங்கள் பூவை அப்படியே பாலியெஸ்டரில் அச்சடித்து ஸ்டோலாக விற்கிறார்கள். என்னிடம் வரும் வாடிக்கையாளர்கள் அதை போனில் காட்டி, "இதே மாதிரி, இதே விலைக்குக் கிடைக்குமா?" என்கிறார்கள். அத்தை ஒரு பட்டை போட மூன்று நாள் ஆகும். நான் என்ன பதில் சொல்வது?

பூ கெடாமல் உடம்புக்குப் பொருந்துகிற ஜாக்கெட் தைக்க வழி இருக்கிறதா? அந்த அச்சுக்காரர்களை ஏதாவது செய்ய முடியுமா? என்னைப் போலப் பழங்குடியிலிருந்தே வந்து டிசைன் செய்பவர்கள் வேறு இடங்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? மூன்றும் எனக்கு ஒரே கேள்வி மாதிரிதான் தெரிகிறது.

---

திருப்பூர் மாஸ்டர் பதில்:

முதலில் அந்தக் கத்தரியைக் கீழே வையுங்கள் அம்மணி.

முப்பத்திரண்டு வருடம் வெட்டு மேசையில் நின்றவன் சொல்கிறேன். பூப்போட்டு முடித்த துணியை வெட்டவே கூடாது. ஜாக்கெட்டின் பேப்பர் பேட்டர்னை முதலில் முடித்துவிட்டு, அதன் எல்லைக்குள் பூவைப் போடச் சொல்ல வேண்டும். நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். சாம்பிள் பிரிவில் ரோல் துணியை வெட்டிப் பழகிய கை, அப்படித்தான் போகும்.

வெள்ளைத் துணியை முதலில் வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சி போக இரண்டு தடவை அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்கும், மேலே போடும் கம்பளி நூல் அதே அளவுக்குச் சுருங்காது. துணியை அலசாமல் பூப்போட்டால் முதல் சலவையிலேயே அப்பளம் மாதிரி பொங்கி நிற்கும். சிவப்பு நூலையும் ஈரவெள்ளைத் துணியில் சுற்றி ஒரு இரவு வைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அந்த நூல் வேண்டாம்.

அடுத்ததுதான் முக்கியம். இழை எண்ணும் பூதக்கண்ணாடி, பிக் கிளாஸ் இருக்கிறதல்லவா? அதை வைத்து ஒரு அங்குலத்துக்குப் நீளவாட்டுப் பாவு இழை எத்தனை, குறுக்குவாட்டு ஊடை இழை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருக்காது. உங்கள் அத்தைக்குக் கணக்கு இழையில்தான். அவர் இருபது இழைக்கு ஒரு கொம்பு போட்டால், பாவுப் போக்கில் ஒரு நீளமும் ஊடைப் போக்கில் வேறு நீளமும் வரும். ஜாக்கெட் கைக்கான துண்டைக் குறுக்காக வைத்து வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தோளில் கொம்பு சேராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே போக்கில் வையுங்கள். அத்தையிடம் அங்குலம் சொல்லாதீர்கள். "இந்தத் தையலிலிருந்து பன்னிரண்டு இழை தள்ளி ஆரம்பியுங்கள்" என்று சொல்லுங்கள். எல்லையைப் பச்சை நூலால் ஓட்டுத் தையல் போட்டுக் காட்டிவிட்டால் அவருக்குச் சந்தேகமே வராது. தையல் ஓரத்தில் பூ இருக்கக் கூடாது. பூ இல்லையென்றால் ஓவர்லாக்கில் நூல் நழுவாது.

வெட்டைப் பொறுத்தவரை, இழை எண்ணிப் போடும் பூவுக்கு நேர்க்கோடுதான் பிடிக்கும். பூ உள்ள துண்டு எல்லாம் செவ்வகமாகவே இருக்கட்டும். தோள் இறங்கின மாதிரி, கைக்குழி நேராக, அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தையுங்கள். கை தூக்கினால் பிடிக்காது. டார்ட் வேண்டவே வேண்டாம். இடுப்பு வடிவம் வேண்டுமென்றால் பூ இல்லாத பக்கத் துண்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருப்பிப் போட்ட சமாச்சாரத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். உங்கள் பாட்டி சொல்கிற பக்கத்தை வெளியே வைத்தால் உடம்பில் படுவது வழவழப்பான பக்கம். லைனிங் செலவே மிச்சம்! மார்க்கைக் குறைத்தவர் அதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

---

பழைய வாசகர் பதில்:

சால்வை சால்வையாகவே இருக்கட்டுமே. ஜாக்கெட், ஹேண்ட்பேக், மொபைல் கவர் என்று ஆரம்பித்தால் நாளைக்கு எது பாரம்பரியம் என்று யாருக்கும் தெரியாது. நவீனம் என்ற பெயரில் நீங்களே அதை அழிக்கிறீர்கள்.

---

மந்துக்காரி பதில்:

ஐயா, கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

நாங்கள் துணி நெய்கிறவர்கள் இல்லை. எங்களுக்கு எருமைதான் எல்லாம். துணி எப்போதுமே வெளியிலிருந்து வந்ததுதான். நூலும் கடை நூல்தான். வாங்கின துணியில் வாங்கின நூலால் போட்டதுதான் நீங்கள் சொல்லும் பாரம்பரியம். பூவும் எண்ணிக்கையும் எங்களுடையவை.

மொபைல் கவர் என்று சொன்னீர்கள். அம்மா வருடக்கணக்காக மொபைல் கவருக்கும் பர்ஸுக்கும் பூப்போட்டுத்தான் என் காலேஜ் ஃபீஸைக் கட்டினார். வீட்டில் விசேஷம் என்றால் அதே கையால் பூத்துக்குளியும் போடுகிறார். இரண்டும் அவருக்குக் குழம்பியதில்லை.

மாஸ்டர், உங்களுக்குப் பெரிய நன்றி. கைக்கான துண்டைக் குறுக்காகத்தான் வெட்டியிருந்தேன். துணி போதவில்லை என்று. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

---

ஊசிமுனை பதில்:

நான் வான்கூவரில் இருக்கிறேன். ஒரு கோட் கடையில் ஆல்டரேஷன் வேலை. உங்கள் மூன்றாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் கரையில் ஹைடா என்ற பூர்வகுடி இருக்கிறது. அந்த இனத்தைச் சேர்ந்த டோரதி கிராண்ட் 1989-ல் 'ஃபீஸ்ட்வேர்' என்ற பெயரில் ஆடை வரிசை தொடங்கினார். இங்குள்ள கடற்கரைப் பூர்வகுடிகளிடம் பட்டன் போர்வை என்று ஒன்று உண்டு. கம்பளித் துணியில் தங்கள் குலச்சின்ன விலங்கை வேறு நிறத் துணியில் வெட்டி வைத்துத் தைத்து, ஓரமெல்லாம் சிப்பிப் பட்டன் பதித்திருப்பார்கள். விருந்துச் சடங்குகளில் போர்த்திக்கொள்வது. அந்தச் சடங்கையே கனடா அரசு 1885-லிருந்து 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தது. அப்படிப்பட்ட போர்வையின் வேலைப்பாட்டைத்தான் அவர் கோட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் கொண்டுவந்தார். போர்வையை வெட்டிக் கோட் தைக்கவில்லை. கோட்டின் வெட்டுக்குத் தகுந்த மாதிரி உருவத்தைப் புதிதாக வரைந்துகொண்டார். மாஸ்டர் சொன்னதும் இதுதான் இல்லையா?

பழைய வாசகருக்கும் ஒன்று. அந்தப் போர்வையின் கம்பளி ஐரோப்பிய வியாபாரிகளிடம் வாங்கியது. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் இன்று கோத்துத் தைக்கும் கண்ணாடி மணிகளும் அப்படி வந்தவைதான். அதற்கு முன்னால் அவர்கள் முள்ளம்பன்றி முள்ளுக்குச் சாயம் ஏற்றித் தைத்துக்கொண்டிருந்தார்கள். மணி வந்ததும் கலை செத்துப்போகவில்லை.

விலை விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஜேமி ஒகுமாவின் வழி. கலிஃபோர்னியாவில் இருக்கிறார். லூயிசேனோ, ஷோஷோன்-பானக் என்ற பூர்வகுடிகளின் வம்சாவளி. 2012-ல் பிரெஞ்சு டிசைனர் லூபுட்டானின் குதிகால் உயர்ந்த காலணி ஒரு ஜோடியை எடுத்து, அதன் மேல் கையாலேயே மணி வேலை செய்தார். அது இப்போது மினியாபொலிஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மாதிரி வேலையைச் சாதாரண ஆள் வாங்க முடியாது. அதனால் தன் சொந்த வரைவுகளையே துணியில் அச்சடித்து ஆயத்த ஆடையாகவும் விற்கிறார். கைவேலைக்கு ஒரு விலை, அச்சுக்கு ஒரு விலை. அச்சடித்ததைக் கைவேலை என்று அவர் சொல்வதில்லை. உங்களிடம் ஸ்டோல் விலைக்குக் கேட்கிறவர்களுக்கு நீங்கள் வரைந்த புதுப் பூவைப் பருத்தியில் அச்சடித்து நீங்களே கொடுக்கலாமே? அத்தையின் வேலையை அந்த விலைக்கு இறக்க வேண்டியதில்லை.

பெத்தானி யெல்லோடெய்ல் என்று இன்னொருவர், வடக்கு செயென், க்ரோ இனங்களைச் சேர்ந்தவர். தன் பிராண்டின் கடையிலேயே மற்றப் பூர்வகுடிக் கைவினைஞர்கள் செய்ததை, செய்தவர் பெயரோடு விற்கிறார். உங்கள் அத்தைகள் பெயரையும் லேபிளில் போடுங்கள் என்பது என் ஆசை.

திருட்டு இங்கேயும் குறைச்சல் இல்லை. 2015-ல் லண்டனைச் சேர்ந்த கேடிஇசட் என்ற பிராண்டு, வட துருவப் பகுதிப் பூர்வகுடியான இனூயிட் மந்திரவாதி ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ள அணிந்திருந்த அங்கியின் வடிவத்தை அப்படியே ஸ்வெட்டராகப் போட்டது. அவருடைய கொள்ளுப்பேத்தி பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டார். விஷயம் பெரிதானதும் மன்னிப்புக் கேட்டு, ஸ்வெட்டரை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். வழக்கே போடவில்லை, ஊரறியக் கேட்டதே போதுமாக இருந்தது. அமெரிக்கப் பூர்வகுடியான நவஹோ மக்கள் வழக்கே போட்டார்கள். தங்கள் பெயரை உள்ளாடையிலும் மதுக் குப்பியிலும் போட்டு விற்ற அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் மீது 2012-ல் தொடுத்த வழக்கு 2016-ல் சமரசத்தில் முடிந்தது. அவர்கள் 'நவஹோ' என்ற பெயரை முன்பே வணிகக் குறியீடாகப் பதிந்து வைத்திருந்தது கைகொடுத்தது.

---

மலைக்கோட்டை பதில்:

வக்கீல். சுருக்கமாகச் சொல்கிறேன்.

தோடா எம்பிராய்டரிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. 1999-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வருவது. ஆனால் அது காப்பது பெயரை. அச்சடித்த பாலியெஸ்டரைத் 'தோடா எம்பிராய்டரி' என்று சொல்லி விற்றால் பிடிக்கலாம். 'ட்ரைபல் பிரிண்ட்' என்று எழுதிவிட்டால் இந்தச் சட்டத்தை வைத்து மடக்குவது கஷ்டம். அந்த ஸ்டோலின் லேபிளையும் பில்லையும் வாங்கி வையுங்கள், எந்தப் பெயர் போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறியீட்டைப் பெற்ற அமைப்புகளில் உங்கள் மக்களின் சங்கமும் ஒன்று. நோட்டீஸ் அங்கிருந்து போனால் தனியாளாக நீங்கள் அனுப்புவதைவிட எடுபடும். நீங்களும் அந்தப் பெயரைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளுங்கள்.

காலங்காலமாக வரும் பூவை யாரும் தன் டிசைன் என்று பதிய முடியாது, நீங்களும்தான். நீங்கள் புதிதாக வரைவதை 2000-ஆம் வருட டிசைன் சட்டத்தில் பதியலாம். ஒரே எச்சரிக்கை: விண்ணப்பம் போடுவதற்கு முன் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதீர்கள். வெளியே வந்துவிட்டால் அது 'புதியது' இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள்.

---

மந்துக்காரி பதில்:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும். மழை, கரண்ட் இல்லை, அப்புறம் நடுவில் வீட்டில் ஒரு கல்யாணம்.

ஸ்டோலை வாங்கிப் பார்த்தேன். லேபிளில் 'ட்ரைபல் பிரிண்ட்' என்றுதான் இருக்கிறது. வக்கீல் சார் சொன்னது சரி. சங்கத்தில் சொல்லியிருக்கிறேன், பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜாக்கெட் முடிந்துவிட்டது. துணியில் அங்குலத்துக்குப் பாவு 30 இழை, ஊடை 26. பேட்டர்னை மூன்று தடவை மாற்றி வரைந்தேன். பின்பக்கம் ஒரே செவ்வகம். பூத்துக்குளியில் வருகிற மாதிரி சிவப்பும் கறுப்புமான பட்டையைக் கீழ் ஓரத்தில் குறுக்காக ஓடவிட்டு, அதற்கு மேலே கொம்பு வரிசை. முன்பக்கம் இரண்டு துண்டு. பச்சை நூலைப் பார்த்துவிட்டு அத்தை, "இது என்ன, எருமைக்கு வேலி போட்ட மாதிரி" என்றார். ஆனால் ஒரு இழைகூட வேலி தாண்டவில்லை. பட்டன் வைக்கும் நடுக்கோட்டில் இடது கொம்பும் வலது கொம்பும் சேர்ந்தபோது நான் கத்திவிட்டேன்.

மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பூவுக்கு மட்டும் அத்தைக்கு அறுபத்தோரு மணி நேரம். இதுவரை எங்கள் வீட்டில் யாரும் மணியை எழுதியதே இல்லை. பீஸுக்கு இவ்வளவு என்று கடைக்காரர் சொல்வார், சரி என்று வாங்கிக்கொள்வார்கள். பழைய பீஸ் கூலியை இந்த நோட்டோடு வகுத்துப் பார்த்தபோது எனக்கு வந்த எண்ணை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. லேபிளில் பெயர் போடலாமா என்று அத்தையிடம் கேட்டேன் ஊசிமுனை அக்கா. "பெயரெல்லாம் எதற்கு, கூலியை ஏற்றிக் கொடு" என்றார். ஏற்றிவிட்டேன். பெயரையும் போட்டேன், அது அவருக்கு இன்னும் தெரியாது.

முரட்டுப் பக்கம்தான் வெளியே. முதலில் வாங்க வந்த பெண், "உள்ளே வெளியே மாறிப் போயிருக்கிறதே" என்றார். போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார், கழற்றவே இல்லை. விலையைக் கேட்டுவிட்டுத்தான் கழற்றினார். அடுத்த மாதம் வருகிறேன் என்றிருக்கிறார். பார்ப்போம்.

பாட்டிக்கு அதைக் காட்ட எனக்குப் பயம். அம்மாதான் எடுத்துப் போய்ப் போட்டுவிட்டார். பாட்டி கையை நீட்டிப் பார்த்தார். தையல் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார், எங்கேயாவது பூவை அறுத்திருக்கிறேனா என்று. அப்புறம் வலது கை தானாக இடது பக்கம் போய்த் துழாவியது. அவருடைய பூத்துக்குளியில் இரண்டு மடிப்புக்கு நடுவே பெரிய பை இருக்கும். வெற்றிலை, சில்லறை, மாத்திரை, என் சின்ன வயது மிட்டாய் எல்லாம் அதிலிருந்துதான் வரும். கை துழாவி ஓய்ந்ததும், "பை எங்கே?" என்றார்.

மாஸ்டர், பூவை வெட்டாமல் பை வைப்பது எப்படி?

---

திருப்பூர் மாஸ்டர் பதில்:

பக்கத் தையலைப் பிரியுங்கள் அம்மணி. இடது பக்கம் மட்டும், கைக்குழியிலிருந்து நாலு அங்குலம் கீழே ஆரம்பித்து ஆறரை அங்குலம். பை அதற்குள் போகட்டும், வாய் தையலிலேயே இருக்கட்டும். பையின் மேல் ஓரத்தை உள்ளே நாடா வைத்துத் தோள் தையலோடு பிடித்துவிடுங்கள். இல்லையென்றால் பாட்டியின் சில்லறைக் கனம் துணியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

வெற்றிலை வேறு இருக்கிறது என்கிறீர்கள். பைத்துணி மட்டும் கறுப்பில் வையுங்கள்.